இருநூற்றைம்பது, ஐந்நூறு, ஒரு மெகா

“இன்னும் மந்தமாத்தான் இருக்குக்கா” என்றபடி தம்பி கிடாரை உறையிலிருந்து எடுத்து என் மேசைமேல் மல்லாக்கக் கிடத்தினான். ஒரு வருடத்துக்குள் இது மூன்றாவது முறை. நான் யாரோ ஒருவருடைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து போட்டு, கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்திருந்தேன். கிடார் வந்து இறங்கியதில் கிண்ணம் கவிழ்ந்து திருகாணிகள் நாலா பக்கமும் ஓடின. அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. ஊருக்கெல்லாம் பெரிய மனிதன், என் அறைக்குள் நுழைந்தால் மட்டும் பத்து வயதுப் பையனாகிவிடுவான். “முதல்ல பொறுக்கு. மந்தத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றேன். மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டே பேசினான். போர்வைக்குள் வைத்து வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம். கம்பியை மாற்றிவிட்டானாம், ஒயரை மாற்றிவிட்டானாம், ஆம்ப்ளிஃபயரில் கீச்சுக் குமிழைக் கடைசி வரை திருப்பியாயிற்றாம். “இனி உன் கையிலதான் இருக்கு. ஒரு மெகா போட்டுடு” என்று எழுந்து நின்று உள்ளங்கையைத் திறந்தான். பதினோரு திருகாணிகள் இருந்தன. நான் கழற்றியது பன்னிரண்டு.

அவன் கேட்டது கண்ட்ரோல். பொட்டென்ஷியோமீட்டர் என்று முழுப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறவரே முழிப்பார். கண்ட்ரோல் என்றால் போதும். அவன் கிடாரில் இரண்டு குமிழ்கள், ஒன்று சத்தத்துக்கு, ஒன்று டோனுக்கு. ஒவ்வொரு குமிழுக்கும் அடியில், மரத்துக்குள்ளே, பெரிய காசு அளவில் ஒரு வட்டத் தகரம் ஒளிந்திருக்கும். கம்பியிலிருந்து கிளம்புகிற சத்தம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வழியில் அது ஒரு சின்ன ஓட்டை மாதிரி. கனத்த சத்தம் ஓட்டையைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் ஒழுகி வீணாகும். கண்ட்ரோலின் எண் பெரிதாக ஆக ஓட்டை சிறிதாகும், கிடார் பளிச்சென்று பேசும். இருநூற்றைம்பது கிலோ ஓம் என்றால் இதமாக இருக்கும். ஐந்நூறு என்றால் தெளிவாக இருக்கும். ஒரு மெகா என்பது ஆயிரம். அதைப் போட்டு முழுக்கத் திறந்தால் சிலருக்குச் சொர்க்கம், பலருக்குப் பல்கூச்சம்.

இந்தக் கிடார் கடையிலிருந்து வரும்போது இருநூற்றைம்பதோடு வந்தது. இருபது வருடம் அதில்தான் வாசித்தான். போன வருடம் திடீரென்று மந்தம் என்றான், ஐந்நூறு போட்டேன். “ஆஹா, இப்பதான் கிடார் கண்ணைத் தெறந்துச்சு” என்று என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். நான்கு மாதத்தில் மறுபடி மந்தம். அச்சடித்த எண்ணை நான் நம்புவதில்லை. ஐந்நூறு என்று போட்டிருக்கும், மீட்டரில் அளந்தால் நானூற்று முப்பது காட்டும். இன்னொன்று அறுபது அதிகமாகக் காட்டும். அதனால் ஒவ்வொன்றையும் அளந்து, அதன் முதுகில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, உண்மையான எண்ணைப் பென்சிலால் எழுதிய பிறகுதான் பொருத்துவேன். கழற்றியதையும் அப்படியே அளந்து எழுதி வைப்பேன். பென்சில் எப்போதும் என் காதில் செருகியிருக்கும். அன்று இருந்த ஐந்நூறுகளையெல்லாம் அளந்து, ஐந்நூற்று அறுபத்தொன்று காட்டியதைப் பொறுக்கி எடுத்துப் போட்டேன். அதற்கும் ஓர் ஆஹா வந்தது. தம்பியின் ஆஹாவுக்கு நான் கொஞ்சம் அடிமை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரேடியோ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் ஆஹா சொன்னதில்லை.

“வச்சுட்டுப் போ, பாக்கிறேன்” என்றேன். முன்கடையில் சாவி வெட்டும் மிஷின் கிளம்பியது. என் அறைக்கு வழியே அந்தச் சாவிக்கடைக்குள்தான். மிஷின் பித்தளையைக் கடிக்கும்போது ஒரு சத்தம் வரும், தாடை எலும்பு வரைக்கும் இறங்கும். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தி முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள். இத்தனை வருடம் கேட்ட எனக்கே புருவம் தானாகச் சுருங்கும். தம்பி மட்டும் அசர மாட்டான், சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பான். முப்பது வருடம் மேடையில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று நான் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன்.

மறுநாள் அவர்கள் குழுவின் கீபோர்டுக்காரர் வந்தார். குழுவை நடத்துகிறவரும் அவர்தான். வாசலிலேயே நின்று, மழை வருமா வராதா என்று பேசி, ஸ்பீக்கர் விலையைப் பேசி, எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொல்லுங்கள் என்றேன்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. தம்பியோட கிடார் இப்பல்லாம் காதைக் கிழிக்குது. பாடுற பொண்ணு அவன் பக்கமே நிக்க மாட்டேங்குது. நாங்க சொன்னா, எங்களுக்குத்தான் ரசனை இல்லைங்கிறான்.”

“எங்கிட்ட ஏன் சொல்றீங்க?”

“நீங்கதானே ஏத்தி விடுறீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. பெரிய ஹோட்டல் ஒன்றில் வாரா வாரம் வாசிக்கும் வாய்ப்பு வந்திருக்கிறதாம். சனிக்கிழமை ஒத்திகைக்கு அவர்கள் ஆள் வந்து கேட்கப் போகிறார். அதற்குள் சத்தம் சரியாகவில்லை என்றால் வேறு கிடார்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார். இருபத்தெட்டு வருடம் கூடவே வாசித்தவனிடம் இதை நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வராது என்று தெரிந்தேதான் என்னிடம் வந்திருந்தார் போல. கண்ட்ரோல்தானே, இறக்கிவிட்டால் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மெகா என்று சொல்லிவிட்டு இருநூற்றைம்பதைப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அவனோ முதல் கம்பியைத் தட்டினதுமே கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை தம்பி வேறொன்றைக் கொண்டுவந்தான், காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர். “உடம்பு சூடா இருக்கேன்னு நேத்து வாயில வச்சேன். கால் மணி நேரம் பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன், பீப்னே சொல்லல. உன் தம்பி பொண்டாட்டி வந்து பிடுங்கிட்டா” என்று சிரித்தான். “பஸ்ஸர் போயிடுச்சு. மாத்திக் குடு.” வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குகிற பொருள் அது. ஆனால் அக்கா ஒருத்தி ரிப்பேர் வேலையில் இருந்தால் அந்த வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். பேட்டரியை மாற்றினேன். நுனியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இறுக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில், பீப், பீப், பீப், பீப். சுத்தமான, மெல்லிய சத்தம். சாவி மிஷின் ஓடவில்லை, தெருவிலும் பெரிதாகச் சந்தடி இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். தம்பி என் கைக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தியா? செத்தே போச்சு” என்றான்.

நான் தலையை ஆட்டினேன். அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு, பிறகு பார்க்கிறேன் என்றேன். அவன் போன பிறகு அவன் கிடாரிலிருந்து கழற்றியவற்றை வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். கிடாருக்குள் இப்போது இருக்கும் ஒன்றையும் திருகிக் கழற்றி எடுத்தேன். மூன்று டோன் கண்ட்ரோல்களையும் வரிசையாக வைத்தேன். முதுகில் என் கையெழுத்து: 248, 512, 561. தேதியோடு எழுதியிருந்தேன். அவன் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை நானே உட்கார்ந்து அளந்து குறித்து வைத்திருக்கிறேன், என்ன என்று தெரியாமல். ஒரு பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்றால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் தொழிலின் முதல் பாடம். கம்பி, அதற்கடியில் இருக்கும் காந்தச் சுருள், கண்ட்ரோல், ஒயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று பார்த்தேன். ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு எதிரே நின்று கேட்கிறவனைப் பார்க்கவில்லை. டிரம்ஸ்காரரின் தாளத் தகடு முப்பது வருடமாக அவன் இடது தோளுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எனக்கு என்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணம் அப்பா. அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். நாற்பத்தைந்து வயதிலேயே காது போய்விட்டது. அதை அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. பேசுகிறவரின் முகத்தையே விழுங்கிவிடுவது போலப் பார்ப்பார், பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். சாப்பிட உட்காரும்போது தம்பியும் நானும் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். குரல் கொடுக்காமல் வாயை மட்டும் அசைப்போம். அப்பா எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, சரி, ஆகட்டும்” என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பாவும் கூடச் சிரிப்பார். வளர்ந்த பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

வியாழக்கிழமை மதியம் வரச் சொன்னேன். அதற்குள் ஒரு டப்பா செய்து வைத்திருந்தேன். மேலே ஒரு திருப்பு சுவிட்ச். ஒன்றில் வைத்தால் இருநூற்றைம்பது, இரண்டில் ஐந்நூறு, மூன்றில் ஒரு மெகா. கிடாரிலிருந்து வெளியே இழுத்த இரண்டு ஒயர்களை அதில் மாட்டினேன். “மூணும் இதுல இருக்கு. நீ சுவத்தைப் பாத்து உக்காந்து வாசி. பாக்காம கேட்டாத்தான் சரியாத் தெரியும். எது வேணும்னு சொல்றியோ அதைப் போட்டுடறேன்.” அவனுக்கு ஒரே உற்சாகம். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். சாவிக்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான் சுவிட்சை மூன்றில் வைத்தேன். அவன் வாசித்தான். கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டுவது போல அறை முழுக்கச் சிதறியது.

“ம்ம். இது இருநூத்தம்பது. மந்தம்” என்றான் சுவரைப் பார்த்து. “மாத்து.”

ஒன்றில் வைத்தேன். அதே துண்டை மறுபடி வாசித்தான். இப்போது சத்தம் இதமாக, உருண்டையாக வந்தது.

“இதான்! இதான் ஒரு மெகா. நான் சொல்லல?” என்று தொடையில் தட்டிக்கொண்டான். “சரி, நடுவுல இருக்கறதையும் கேட்டுடலாம். சொல்லாம மாத்து.”

சொல்லாமல் மாற்றினேன். வாசித்துக்கொண்டே இருந்தான். மூன்றுக்குப் போனேன். ஒன்றுக்கு வந்தேன். மறுபடி மூன்றுக்குப் போனேன். அவன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது; சட்டைக் காலருக்கு மேலே நரைத்த முடி, தாளத்துக்கு ஆடுகிற தலை. ஒரு பாட்டையே வாசித்து முடித்துக் கையை நிறுத்தினான்.

“மாத்துக்கா. எவ்வளவு நேரம்?”

என் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. எதிரே சாப்பாட்டுத் தட்டும் அப்பாவும் வாயை அசைக்கிற நானும் வந்து நின்றோம். அந்த விளையாட்டையேதான் இவனிடமும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

“மாத்திட்டேன்டா” என்றேன்.

“எப்போ?”

“நாலு தடவை.”

நாற்காலியோடு திரும்பினான். முதலில் டப்பாவைப் பார்த்தான். “உன் டப்பா வேலை செய்யல” என்றான். நான் இழுப்பறையைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தேன். நுனியை விரல்களால் பிடித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண் ஏறி நின்றது. பீப், பீப், பீப், பீப்.

“இப்ப அடிக்குதா?” என்று கேட்டான்.

தலையை ஆட்டினேன். அவன் அதை வாங்கித் தன் விரலுக்குள் வைத்துக்கொண்டான். வலது காதோடு ஒட்டி வைத்துக் காத்திருந்தான். “இந்தக் காதுல என்னமோ கேக்குது. தூரத்துல” என்றான். என்னிடம் மறுபடியும் சூடாக்கித் தரச் சொல்லி, இடது காதில் வைத்தான். அது அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்கவே இல்லை.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“செவ்வாய்க்கிழமைல இருந்து. போன வருஷமே தெரிஞ்சிருக்கணும். என் தப்பு.”

“ரெண்டு நாளா வச்சு வேடிக்கை பாத்தியா? அப்பா மாதிரி ஆயிட்டான்னு?” குரல் உடைந்து உயர்ந்தது. எழுந்து கிடாரை நாற்காலியில் சாத்திவிட்டு முன்கடைப் பக்கம் போனான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். கீபோர்டுக்காரர் வந்து போனதை அவன் முதுகைப் பார்த்தே சொன்னேன், சனிக்கிழமையைச் சொன்னேன், வேறு ஆள் என்பதையும் சொன்னேன். காது டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். நடுவில் குரலை எவ்வளவு உயர்த்துவது என்று தெரியாமல் தடுமாறினேன். “போலாம், போலாம்” என்றான், எதற்குச் சொல்கிறான் என்று தெரியாத ஒரு குரலில். வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். சாவிக்கடைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து மிஷினைப் போட்டார். அவர் பித்தளையைக் கொண்டுபோய் வைக்க, என் முகம் சுருங்கியது. தம்பி மிஷினைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி மிஷினைப் பார்த்தான்.

“இது ஓடும்போதெல்லாம் உன் மூஞ்சி இப்படித்தான் போகுமா?”

“எல்லார் மூஞ்சியும்தான்.”

“நான் உனக்குப் பல்வலின்னு நினைச்சேன். இத்தனை வருஷமா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தான். டப்பாவின் சுவிட்சைத் தானே ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பினான்.

“எதைப் போடட்டும்?” என்றேன். “இருநூத்தம்பது போட்டா அவங்களுக்குச் சரி. உனக்குப் போர்வைதான்.”

சுவிட்சை மூன்றில் கொண்டுபோய் நிறுத்தினான். பிறகு, “ஒரு மெகாவே போடு” என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு ஆன பிறகுமா? அவன் கையைக் காட்டி நிறுத்தினான். “அவசரப்படாதே. டோனுக்கு மட்டும் ஒரு மெகா. அதைத் திருப்பிக்கிட்டே வந்தா இருநூத்தம்பது வழியாத்தானே போகணும்? வீட்ல தனியா இருக்கும்போது முழுசாத் திறந்து வச்சுக்கறேன். இருக்கற கொஞ்சநஞ்சம் கேக்கட்டும். வெளிய போனா இறக்கிக்கறேன்.”

தொழில் என்னுடையது. யோசனை அவனுக்குத்தான் வந்தது. ஒரு மெகாவை எடுத்து அளந்தேன், தொள்ளாயிரத்து எண்பது. எழுதினேன், பொருத்தினேன், பற்றவைத்து மூடினேன். எந்த இடத்தில் சரியாக இருநூற்றைம்பது வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துத் தருகிறேன் என்றேன்.

“மீட்டர் வேணாம். நீ எதிர்ல நில்லு.”

ஆம்ப்ளிஃபயரை மேடைச் சத்தத்துக்கு ஏற்றினான். நான் அதற்கு எதிரே, அவன் எனக்கு எதிரே. டோன் குமிழை முழுக்கத் திறந்து வாசித்தான். என் கண் இடுங்கியது. ஒரு மயிரிழை இறக்கினான், வாசித்தான். இன்னும் ஒரு மயிரிழை. அவன் கம்பியையும் பார்க்கவில்லை, குமிழையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சீக்கிரமே முகத்தைத் தளர்த்தி, போதும் என்று சிரித்துவிட ஆசையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பளிச்சென்ற சத்தம் அவனுக்கு மிச்சமாகுமே. அப்பாவிடம் பொய் முகம் காட்டினோமே, அது ஒன்று போதும் என்று அடக்கிக்கொண்டேன். முகம் அதன் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டேன். ஏதோ ஓர் இடத்தில் புருவம் தானாக அவிழ்ந்தது. அவன் கை நின்றது. குனிந்து, என் காதிலிருந்த பென்சிலை உருவி, குமிழுக்குப் பக்கத்தில் மரத்தின் மேல் மெல்லிய கோடு ஒன்று இழுத்தான். அந்தச் சத்தம் அவனுக்கு எப்படிக் கேட்டது என்று நான் கேட்கவில்லை.

“இன்னொரு தடவை பாத்துடலாம்” என்று குமிழை மறுபடி முழுக்கத் திறந்தான். “பொய் மூஞ்சி காட்டாதே.”

முன்கடையில் சாவி மிஷின் மறுபடி கிளம்பியது. தம்பி கம்பிமேல் விரலை வைத்தபடி, அது எப்போது ஓயும் என்று என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான்.